புனிதரின் காலடியில் விழுந்து கிடப்பவர்

அன்று பேச்சைத் தொடங்கியது அவள்தான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வலியப் போய் யாரிடமும் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் கணவனின் அக்கா விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காய் நறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே."

"இன்னிக்கு இருட்டினதுக்கு அப்புறம்தான் சாப்பிடுவேன்."

"எதுக்கு அண்ணி?"

நாத்தனார் கத்தியைத் தட்டின் நடுவில் வைத்தார். விளிம்பில் வைக்கவில்லை. எந்தப் பொருளையும் அவர் விளிம்பில் வைப்பதில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

"இன்னிக்கு என்ன நாளு, சொல்லு பார்ப்போம்."

அவள் முகம் சூடானது. காலையில் கணவன் தலையணைக்கு அடியில் ஒரு சிவப்பு உறையை வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை இவர் பார்த்துவிட்டாரோ?

"காதலர் தினம்," என்றாள், வாய்க்குள்ளேயே.

"அது உங்களுக்கு. அவருக்கு இன்னிக்குத்தான் தலையை வெட்டினாங்க."

"யாருக்கு?"

"யாரு பேரைச் சொல்லி ஊரெல்லாம் பூ விக்கிறானோ, அவருக்கு. புனித வாலண்டைனுக்கு. பேரைச் சொல்லிச் சாக்லேட் விக்கலாம், ஒரு வேளை பட்டினி கிடக்க மட்டும் ஆள் இல்லை."

அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். வந்த வேகத்தில் ஒரு காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அக்கா ஆரம்பிச்சிடுச்சா? கேட்டுக்கோ. அந்தச் சாமியார் ஜெயில்ல இருந்தப்போ ஜெயிலர் பொண்ணுக்கு லவ் லெட்டர் எழுதினாராம். என்னை மாதிரி ஆளுன்னு வச்சுக்கோயேன்."

"ஆமா. விடிஞ்சா கழுத்துக்குக் கத்தி வருதுன்னு தெரிஞ்சவன் உக்காந்து லவ் லெட்டர் எழுதுவான். உன் மூளைக்கு வேற எப்படித் தோணும்?"

"அப்ப அது கதையா?" என்றான் அவன்.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாம இருந்ததாம். ஜெபம் பண்ணிப் பார்வை வர வச்சாராம். அதையாவது நம்பிட்டுப் போயேன்." நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார். "நீ அவரு படம் பாத்திருக்கியா?"

"இல்லை அண்ணி."

"இதயம், அம்பு ஒண்ணும் இருக்காது. அவரு பாட்டுக்கு நின்னுட்டு இருப்பாரு. காலடியில ஒருத்தன் விழுந்து கிடப்பான்."

"ஏன் விழுந்தான்?"

கணவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, விடு," என்றான். விளையாட்டுக் குரல் போய்விட்டிருந்தது.

நாத்தனார் கத்தியைக் கையிலெடுத்தார். "ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் மறக்காது," என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்த வீட்டில் வேறு சில விஷயங்களும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தன. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இருந்ததற்கு அடையாளமாக ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. கேட்டால், "துரு பிடிச்சது, கழட்டிட்டோம்" என்றான் கணவன். சாப்பாட்டு மேசையின் நான்கு முனைகளிலும் பழைய துணி சுற்றியிருந்தது. கண்ணாடித் தம்ளர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும்விட விசித்திரம், நாத்தனார் வேலை பார்ப்பது படத்துக்குச் சட்டம் போடும் கடையில். ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் தொங்குவது அவர் கை வேலை. அவர் வீட்டுச் சுவரிலோ சட்டம் போட்ட படம் ஒன்றுமில்லை. கல்யாணப் படத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் பசை தடவித்தான் ஒட்டியிருந்தார்கள்.

காரணம் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாத்திரம் விழுந்த சத்தமில்லை. அலமாரிக் கதவை யாரோ விடாமல் ஒரே தாளத்தில் தட்டுவதுபோல இருந்தது. எட்டிப் பார்த்தாள். நாத்தனார் தரையில் கிடந்தார். தட்டிக்கொண்டிருந்தது அவருடைய குதிகால். கண்கள் மேலே செருகியிருந்தன. விரல்கள் உள்ளுக்கு மடங்கி, எதையோ விடமாட்டேன் என்று பிடித்திருப்பதுபோல இருந்தன. அவளுக்குக் கத்த வரவில்லை.

கணவன் ஓடி வந்தான். அடுப்பை அணைத்தான், அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்தான், துண்டை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தான். எல்லாம் பழகிய கை. அடங்கும்வரை முழங்கால் போட்டு உட்கார்ந்து, "ஒண்ணுமில்லைக்கா, ஒண்ணுமில்லைக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாத்தனார் தூங்கிய பிறகு அவளை வாசலுக்கு அழைத்து வந்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. வலிப்பு. மாத்திரை ஒரு வேளை விடாம சாப்பிடுது. அப்படியும் எப்பவாவது தப்பி வந்துடும்."

"என்கிட்ட ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே தொடர்ந்தான்.

"அக்காவுக்கு ஒரு இடம் பேசி முடிச்சிருந்தோம். நிச்சயத்துக்கு ஜோடியா படம் எடுக்க ஸ்டுடியோ போனாங்க. லைட்டைப் போட்டதும் அங்கேயே விழுந்துடுச்சு. மாப்பிள்ளை தொட்டுத் தூக்கக்கூட இல்லை. சுவரோட ஒட்டி நின்னுட்டான். அதோட போச்சு. அப்புறம் அக்கா கேட்டதெல்லாம் வேலை மட்டும்தான். இப்ப கடையில தெரிஞ்சா கண்ணாடி பக்கமே விடமாட்டாங்க. அந்த வேலையும் போச்சுன்னா மூலையில உக்காந்துடும். அதுக்கப்புறம் எழுந்திருக்காது. நீ வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன்."

அவள் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடியிருப்பது அவளுக்கு வரமாக வந்த குணம். அதை ஒருவர் வந்து கேட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை.

அந்த ஆண்டின் கடைசியில் சட்டக் கடையில் கவுண்டரில் நின்ற பெண் வேலையை விட்டுப் போனாள். வருகிறவர்களிடம் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பேச ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்ல, நாத்தனார் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"ரெண்டு பாஷை தெரியும்னீங்க, ஒரு பாஷையிலயும் பேசக் காணோமே!" என்றார் கண்ணாடி வெட்டுபவர். வைர முனை வைத்த கருவி எப்போதும் காதில் செருகியிருப்பதால் அவருக்கு 'வைரம்' என்று பெயர்.

"நீ ரெண்டு பேருக்குச் சேத்துப் பேசறியே, போதாதா?" என்றார் நாத்தனார்.

கடையில் நாத்தனாருக்கும் ஒரு பெயர் இருந்தது. சோப்பு. சட்டம் போடுகிறவர்கள் சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். அவர் மட்டும் ஒரு துணி சோப்புக் கட்டியில் ஆணிகளைக் குத்தி வைத்து, அதிலிருந்து எடுப்பார். சோப்பு பட்ட ஆணி மரத்தைப் பிளக்காமல் இறங்கும் என்பார். கடையே நம்பியது. யாருக்கும் எதற்கும் சோப்பு போடத் தெரியாத மனுஷிக்கு இப்படி ஒரு பெயரா என்று வைரம் கேலி செய்வார். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு நாத்தனார் விழுந்தால் என்ன ஆகும் என்பது கடையில் இப்போது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். தெரிந்ததால் கவுண்டரில் நிற்கும்போதெல்லாம் அவள் காது பின்னால் இருந்த வேலை மேசையிலேயே இருந்தது. சுத்தியல் சத்தம் நின்றால் நெஞ்சு நிற்கும். மறுபடி கேட்டால் மூச்சு வரும்.

பிப்ரவரி பிறந்தது. ஜோடி ஜோடியாக வந்தார்கள். சிவப்பு அட்டையில் இதய வடிவம் வெட்டி அதற்குள் படம் வேண்டும் என்றார்கள். கட்டிக்கொண்டு நின்ற படம், கடற்கரையில் ஓடின படம், ஒரே கோப்பையில் இரண்டு பேர் குடிக்கிற படம். மேசை மேல் சிரித்த முகங்கள் குவிந்து கிடந்தன. ஒரு நாள் மாலை கடை ஓய்ந்திருந்தபோது அவள் ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கப் பின்னால் போனாள். நாத்தனார் ஒரு ஜோடியின் படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்திருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, உள்ளங்கை அளவு அட்டை ஒன்றைப் படத்தின் முதுகில் வைத்தார். அதன்மேல் பின்பலகையை வைத்து ஆணி அடித்தார். பழுப்புத் தாளை ஒட்டி நான்கு ஓரமும் நீவிவிட்டார். முடிந்தது. உள்ளே ஒன்று இருப்பது இனி யாருக்கும் தெரியாது.

"என்ன அண்ணி அது?"

நாத்தனார் திடுக்கிடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

பிஷப்புகள் வைக்கும் கூம்புத் தொப்பி வைத்த ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒருவன் கிடந்தான். கண்கள் செருகியிருந்தன. விரல்கள் உள்ளுக்கு மடங்கியிருந்தன. அவள் அந்த விரல்களைப் பார்த்திருக்கிறாள், சமையலறைத் தரையில்.

"நான் சின்னப் பிள்ளையா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு வெளிநாட்டு சிஸ்டர் குடுத்தாங்க. அவங்க ஊர்ல இவரு காதலுக்கு இல்லை. விழறவங்களுக்கு. விழுந்து எழுந்திருக்கிறவங்க எல்லாம் இவர்கிட்டதான் வேண்டுவாங்களாம். அதை வச்சு நான் அச்சடிச்சுக்கிட்டேன்."

"இதை ஏன் இவங்க படத்துல வைக்கிறீங்க?"

"நம்ம கோயில் ஃபாதர்கிட்ட கேட்டுப் பாத்தேன். இவரு பேருல ரெண்டு பேரு இருந்தாங்களாம். ரெண்டு பேருக்கும் தலை போச்சாம். யாரு எவர்னே சரியா தெரியலைன்னு திருச்சபையோட பொது நாட்காட்டியிலேர்ந்து அவரு நாளையே எடுத்துட்டாங்களாம். வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிங்க பட்டியல்ல மட்டும் பேரு இருக்காம். கோயில் கீழ வச்சதைக் கடைக்காரன் எடுத்துக்கிட்டான். நடுவுல அவருக்குன்னு இருக்கிறது நான் ஒருத்திதான்." சிரித்தார். பிறகு சிரிப்பு தானாகத் தேய்ந்தது. "இந்த ஜோடிங்க சிரிக்கிறதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு, கண்ணு. அவரு நாளை எடுத்துக்கிட்டு அவரையே வாசல்ல நிக்க வச்சிருக்காங்க. இவங்கள்ல யாரு எங்க விழப்போறாங்களோ. அன்னிக்குப் பக்கத்துல நிக்கிறவன் தூக்குவானோ, சுவரோட ஒட்டிக்குவானோ. அதான், உள்ள ஒரு ஓரமா அவரையும் உக்கார வச்சிடறேன்."

"யாராவது பாத்துட்டா?"

"ஆணி அடிச்சுத் தாளும் ஒட்டியாச்சு. யாரு பிரிக்கப் போறாங்க?"

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. கேட்க வந்த சட்டத்தை வாங்கிக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினாள்.

காதலர் தினம் கடந்தது. நாத்தனார் பட்டினி இருந்தார், இருட்டியதும் சாப்பிட்டார். அதற்கடுத்த வாரம் கடை திறந்த கையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். பின்னால் மகள், அழுது வீங்கிய முகம். அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கம். அம்மாள் ஒரு துணி மூட்டையைக் கவுண்டரில் போட்டார். உள்ளே உடைந்த கண்ணாடி கலகலத்தது.

"இதைச் செஞ்சது இந்தக் கடைதானே?"

"ஆமாங்க," என்றாள் அவள்.

"கட்டிக்கப்போற பையன் மாடியிலேர்ந்து தவறி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடக்கிறான். மறுநாளே இந்தப் படம் ஆணியோட பேத்துக்கிட்டுக் கீழ விழுந்தது. உடைஞ்சதை எடுத்துப் பாத்தா உள்ளேர்ந்து இது வருது." அட்டையை நுனி விரலால் தள்ளினார். "பாரு. ஒருத்தன் விழுந்து கிடக்கிறான். எவன் காசு குடுத்து எங்களுக்கு இந்தச் செய்வினை வைக்கச் சொன்னான்?"

கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் அவசரமாக வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் தன் படத்தோடு திரும்பி வந்து, வாசலிலேயே பழுப்புத் தாளைக் கிழித்தான். பலகையை நெம்பினான். உள்ளே அதே முதியவர், காலடியில் அதே ஆள். "ஐயோ, எங்க வீட்டுலயும் இருக்கு!" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான். பயந்த நல்ல மனிதர். "யாரு வேலை இது?" என்றார். வைரம் கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"செய்வினை எல்லாம் இல்லைங்க. இது புனித வாலண்டைன். அந்த நாளுக்குரியவர். எல்லாரும் நல்லா இருக்கணும்னு உள்ள வச்சது."

"வாலண்டைனா? அது பூவும் இதயமும்தானே? காதலுக்கு உள்ளவரு காலடியில பிணம் எதுக்கு?"

பதில் அவளுக்குத் தெரியும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் தெரியும். இந்த நோய்ப் படம் உங்கள் கடையில் யாருக்கு, எதற்கு? தெரியாது என்று சொல்லலாம். தெரியாது என்றால் செய்வினை என்பது உறுதியாகிவிடும். அவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது பிணம் இல்லைம்மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அது நான்தான்."

நாத்தனார் சோப்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார். "எனக்கு வலிப்பு வரும். விழுந்தா இப்படித்தான் கிடப்பேன். அவரு என்னைப் பாத்துக்கிறவரு. உங்க பொண்ணையும் பையனையும் பாத்துக்கட்டும்னுதான் வச்சேன். கெட்டதை நினைச்சு வைக்கலை."

அம்மாளின் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்தது. ஓரடி பின்னால் வைத்தார். மகளின் கையைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டார். கூட்டமும் அப்படியே பின்வாங்கியது. அன்றைக்கு ஸ்டுடியோவில் ஒருவன் சுவரோடு ஒட்டி நின்றது எப்படி இருந்திருக்கும் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். முதலாளியின் கண்கள் நாத்தனார் மேல் இல்லை. மேசையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிப் பலகைகளின் மேல் இருந்தன.

முதலாளி நாத்தனாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு மனசு வரவில்லை. "கண்ணாடி, ஆணி, சுத்தியல் எதுவும் வேண்டாம். உள் ரூம்ல உக்காந்து தாள் ஒட்டுங்க. கதவைச் சாத்திக்கோங்க. வர்றவங்க பயப்பட வேண்டாம் பாருங்க," என்றார். கேட்டவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷன் என்றார்கள். உள் அறை என்பது கடையையும் கிடங்கையும் பிரிக்க ஒட்டுப்பலகையால் அடைத்த இடம். சன்னல் கிடையாது. புதிதாக வந்த கண்ணாடிகளைப் பெட்டியோடு சுவரில் சாய்த்து வைப்பது அங்கேதான். இது முதலாளிக்குத் தோன்றவில்லை. அவள் போய்ச் சொன்னாள். "அட, ஆமாம். பெட்டியை மாத்தச் சொல்றேன்," என்றார். மாற்ற ஆள் வரவில்லை. நானும் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறேனே என்றாள். கவுண்டரை யார் பார்ப்பது என்றார்.

சில ஜோடிகள் படத்தைக் கொண்டுவந்து பிரிக்கச் சொல்லி அட்டையை எடுத்துவிட்டார்கள். பலர் வரவே இல்லை. அவர்களுக்குச் செய்தி எட்டவில்லையோ, எட்டியும் பிரித்துப் பார்க்கத் துணியவில்லையோ. இன்னும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில், சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால், பலகைக்கும் படத்துக்கும் நடுவில் இருட்டில் அவன் விழுந்து கிடக்கிறான்.

உள் அறைக்குப் போன முதல் நாள் காலை, நாத்தனார் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் வந்து நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை. வைரம் டீ குடிக்கப் போயிருந்தார். இப்போதெல்லாம் அவர் நாத்தனார் இருக்கும்போது அடிக்கடி டீ குடிக்கப் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் நாத்தனார்.

"சொல்லுங்க அண்ணி."

"சுத்தியல் சத்தத்தை வச்சுத்தானே இத்தனை நாளா என்னைப் பாத்துக்கிட்ட? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இனிமே அந்தச் சத்தம் இருக்காது. தாள் ஒட்டினா சத்தமே வராது."

அவள் கவுண்டர் மேல் கிடந்த ரசீதுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"உனக்குப் பேச்சு வராதுன்னு தெரியும். நாலு வார்த்தை பேசறதுக்குள்ள உனக்கு வேர்த்துடும். இருந்தாலும் கேக்கறேன். நான் உள்ள இருக்கறப்போ, பலகைக்கு இந்தப் பக்கம் நின்னு ஏதாவது பேசிக்கிட்டே இரு. என்ன வேணா பேசு. யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்க, என் தம்பி உன்னை என்ன சொல்லித் திட்டினான், எதுவா இருந்தாலும் சரி. நான் அந்தப் பக்கத்துலேர்ந்து 'ம்'னு சொல்லுவேன். ஒவ்வொண்ணுக்கும் சொல்லுவேன். என்னிக்காவது நீ பேசி முடிச்சு 'ம்' வரலைன்னா கத்தாதே, கூட்டத்தைக் கூப்பிடாதே. நீ மட்டும் உள்ள வா."